புல்வெளியும் ஓர் அமானிதம்

 

சூரா ஹூதின் ஆறாவது வசனம் நம்மில் பலருக்கும் பாடமானது. பூமியில் நடமாடும் எந்த உயிருக்கும் உணவளிக்கும் பொறுப்பை அல்லாஹ் தன்மீது எடுத்துக்கொண்டிருக்கிறான் என்பது அதன் முற்பகுதி. ரிஸ்க்கைப் பற்றிப் பயான் செய்பவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால், வசனம் அங்கே நிற்கவில்லை. அந்த உயிர் எங்கே தங்குகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் அவன் அறிவான் என்று தொடர்கிறது. உணவைச் சொன்ன கையோடு இருப்பிடத்தையும் அல்லாஹ் சொல்கிறான். இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதவை. ஓர் உயிரின் இருப்பிடத்தைப் பறித்துவிட்டு, "அதற்கு அல்லாஹ் ரிஸ்க் கொடுப்பான்" என்று கையைத் துடைத்துக்கொள்வது மார்க்கம் அல்ல.

எந்த உயிருக்கு எந்த இடம் பொருந்தும் என்ற அறிவு முழுமையாக அல்லாஹ்விடமே இருக்கிறது. அதில் ஒரு துளியை மனிதன் தேடிப் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். இன்று அந்தத் தேடலுக்குக் கணினியில் வரைபடம் வரையும் மென்பொருள்கள் துணை செய்கின்றன. செய்மதி எடுத்த படங்களையும், தரையில் மனிதர் சேகரித்த தகவல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, "இந்தப் புல்வெளி யானைக்குப் பொருந்தும், அந்தத் தரை மானுக்குப் பொருந்தும், இங்கே வேலி போட்டால் வீண்" என்று சொல்லும் கலை வளர்ந்திருக்கிறது. இம்மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன். "இது மார்க்கப் பக்கம்தானா?" என்று யாரும் புருவம் உயர்த்த வேண்டாம். கடைசிவரை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நாவற்குடா கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறது. வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை. அந்தப் பக்கம் படுவான்கரை. இந்தக் கரையில் காணித்துண்டு விலை ஏறிக்கொண்டே போகிறது. அந்தக் கரையில் வயலும் குளமும் மேய்ச்சற்றரையும் காடும் விரிந்து கிடக்கின்றன. நாம் உண்ணும் சோற்றில் ஒரு பங்கும், குடிக்கும் பாலில் ஒரு பங்கும் அங்கிருந்து வருபவை. 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, முன்பு படகுப் பாதையில் காத்து நின்று கடந்த தூரத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறோம். ஆனால், அந்தக் கரையின் இரவு நமக்குத் தெரியாது. பெரும்போக நெல் கதிர் முற்றும் காலத்தில் வாடியில் தீ மூட்டி, யானை வெடியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருக்கும் விவசாயியின் இரவு அது.

2019ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் 100க்கு மேற்பட்ட மனிதர்கள் உயிரிழந்தார்கள். 2011ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் நாட்டில் இருந்த யானைகள் 5,879. இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மனித உயிருக்குப் பின்னாலும் இத்தாவில் இருக்கும் ஒரு மனைவியோ, வெள்ளைச் சேலைக்கு மாறிய ஒரு தாயோ, தந்தையைக் கேட்கும் ஒரு குழந்தையோ இருக்கிறது. இருப்பிடம் பற்றிய அறிவு இல்லாமையின் விலை இது.

புல் என்றால் தரிசா?

பலருடைய எண்ணத்தில் காடு என்றால் மரம். மரம் இல்லாத நிலம் வெற்று நிலம். யாராவது எதையாவது செய்துகொள்ளலாம். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவின் பரந்த புல்வெளிகள் வருமானம் தராத தரிசு என்றே பதியப்பட்டன. அந்தப் பழக்கம் இன்றும் முற்றாக நீங்கவில்லை. தமிழகத்தின் பழனி மலைத்தொடரைச் செய்மதிப் படங்களைக் கொண்டு ஆராய்ந்து 2018ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் அம்மலையின் இயற்கைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதைக் காட்டியது. அதை விழுங்கியவை என்ன தெரியுமா? ஒன்று விவசாயம். மற்றது மரத்தோட்டம்! சீகை, பைன், யூகலிப்டஸ் என்று வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்கள். நட்டவர்கள் நன்மை செய்வதாகவே எண்ணியிருப்பார்கள்.

மரம் நடுவது ஸதகா என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. அதிலிருந்து பறவையோ மனிதனோ கால்நடையோ உண்டால் நட்டவருக்கு நன்மை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஆனால், நமது முன்னோரான உலமாக்கள் 'ழுல்ம்' என்ற சொல்லுக்குத் தந்த விளக்கத்தையும் மறக்கக் கூடாது. ஒரு பொருளை அதற்கு உரியதல்லாத இடத்தில் வைப்பதே அநீதி. உரிய இடத்தில் வைப்பது நீதி. மான் மேயும் புல்வெளியில் கொண்டுபோய் நட்ட பைன் மரம், மரம்தான். ஆனால் இடம் தவறிய மரம்.

சூரா அல்அஃலாவின் ஆரம்பத்தில் அல்லாஹ் தன் ஆற்றலைச் சொல்லும்போது, மேய்ச்சற் புல்லை வெளியாக்கியதையும், பிறகு அதைக் காய்ந்து கருகிய சருகாக்கியதையும் சேர்த்தே சொல்கிறான். புல்வெளியின் வாழ்க்கையே அந்த இரண்டு வசனங்களுக்குள் இருக்கிறது. பசுமையும் அதன் இயல்பு. காய்வதும் அதன் இயல்பு. கச்சான் வெயிலில் காய்ந்து கிடப்பதைப் பார்த்து, "இது செத்த நிலம்" என்று தீர்ப்புச் சொல்கிறவன் மாரியில் வந்து பார்க்க வேண்டும்.

மதீனாவின் ஹிமா

மேய்ச்சற்றரையைப் பாதுகாப்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புதுமை அல்ல. அறியாமைக் காலத்து அறபிகளிடம் 'ஹிமா' என்று ஒரு வழக்கம் இருந்தது. பலம் படைத்த தலைவன் உயரமான ஓரிடத்தில் தன் நாயைக் குரைக்கச் செய்வான். அந்தக் குரைப்பு எட்டும் தூரம்வரை புல்லும் நீரும் அவனுடையது. மற்றவர் கால்நடை நுழையக் கூடாது. இதுவும் ஒரு வகை வரைபடம்தான், வாசகர்களே! நாயின் தொண்டையால் வரைந்த வரைபடம். பலமுள்ளவன் வரைந்தால் கோடு எப்படி விழும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

நபி (ஸல்) அவர்கள் அந்த வழக்கத்தைத் திருத்தினார்கள். ஹிமா என்பது அல்லாஹ்வுக்கும் அவனது தூதருக்கும் மட்டுமே உரியது என்று அறிவித்ததன் மூலம், தனிமனிதன் தன் செருக்குக்காக நிலத்தை வளைப்பதை நிறுத்தி, பொது நன்மைக்காக மட்டுமே ஒதுக்க இடம் வைத்தார்கள். அன்னார் நகீஃ என்ற மேய்ச்சல் நிலத்தை ஒதுக்கினார்கள். பின்னர் உமர் (ரழி) அவர்கள் ஷரஃப், ரபதா என்ற இடங்களை ஒதுக்கினார்கள். மதீனாவின் இரு எரிமலைக் கல்வெளிகளுக்கும் இடைப்பட்ட பகுதி ஹரமாக்கப்பட்டது. அங்கே மான்கள் மேய்ந்துகொண்டிருக்கக் கண்டால் தாம் அவற்றை வெருட்டமாட்டார் என்று அபூஹுரைரா (ரழி) அவர்கள் கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது.

அதே கிரந்தத்தில் இன்னொரு செய்தி. உமர் (ரழி) அவர்கள் ஹிமாவுக்குப் பொறுப்பாக ஹுனை என்பவரை நியமித்தபோது சில கட்டளைகளை இட்டார்கள். அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவைப் பயந்துகொள்ளும்படி முதலில் எச்சரித்தார்கள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடும்படியும், பெரும் மந்தைக்காரர்களான இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் கால்நடைகள் விடயத்தில் எச்சரிக்கையாய் இருக்கும்படியும் சொன்னார்கள். அவர்களது மந்தை அழிந்தால் அவர்களுக்குப் பேரீத்தந்தோட்டமும் பயிரும் இருக்கின்றன. ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கலீஃபாவின் வாசலுக்கு வருவான் என்பது அவர்கள் சொன்ன காரணம். நிலத்தைக் காக்கும்போது ஏழையை மறந்துவிடாதே என்பது இதன் பாடம். இதை மனதில் இருத்திக்கொண்டு கணினிக்குப் போவோம்.

வரைபடம் எப்படிப் பேசுகிறது?

பள்ளிக்கூடத்தில் எண்ணெய்த்தாளை வைத்துப் படம் ஒற்றிய நினைவு உங்களுக்கு இருக்கும். ஒரு தாளில் புல் இருக்கும் இடங்களை மட்டும் வரையுங்கள். இன்னொன்றில் குளம், ஆறு. மற்றொன்றில் வீதி. இன்னொன்றில் வீடுகள். வேறொன்றில் மின்கம்பி. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால், புல்லும் நீரும் சேர்ந்து, வீடும் வீதியும் விலகி இருக்கும் இடங்கள் கண்ணுக்குத் தெரியும். மென்பொருள் செய்வது இதைத்தான். நிலத்தைச் சதுரக் கொப்பியைப் போலக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 முதல் 1 வரை புள்ளி போடுகிறது. 1 என்றால் மிகப் பொருத்தம்; 0 என்றால் பொருந்தாது.

புள்ளி போடும் முறையை மத்ரஸா மாணவருக்குப் புரியும்படி சொல்கிறேன். தொழுகைக்கு ஷர்த்துகள் இருக்கின்றன; ஸுன்னத்துகள் இருக்கின்றன. ஸுன்னத்து ஒன்று விடுபட்டால் நன்மை குறையும்; தொழுகை கூடிவிடும். வுழூ என்ற ஷர்த்து இல்லாவிட்டால், எவ்வளவு அழகாக ஓதினாலும் தொழுகையே இல்லை. அப்படித்தான் இங்கும். எட்டும் தூரத்தில் நீர் இல்லாத புல்வெளி, மற்ற எல்லாவற்றிலும் சிறந்திருந்தாலும் யானைக்கு 0 புள்ளிதான். நிழல் கொஞ்சம் குறைந்தால் புள்ளி குறையும், அவ்வளவே. எது ஷர்த்து, எது ஸுன்னத்து என்று தீர்மானிப்பதற்குக் கணினிக்குத் தெரியாது. அந்த விலங்கோடு பல வருடம் பழகிய மனிதர்தான் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

செய்மதிப் படங்கள் எங்கிருந்து வருகின்றன? அமெரிக்காவின் முதலாவது லாண்ட்சாட் செய்மதி 1972ஆம் ஆண்டு ஏவப்பட்டது. 2008ஆம் ஆண்டு முதல் அந்த வரிசைப் படங்களை எவரும் இலவசமாகப் பெறலாம். ஐரோப்பாவின் சென்டினல் செய்மதிகள் 10 மீற்றர் அளவுள்ள தரைத் துண்டையும் தனியே காட்டுகின்றன. பச்சை இலை நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிவப்பொளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். செய்மதியின் கண் அதைப் பிடித்துக்கொள்ளும். பசுமை எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று அளக்க அதுவே போதும். ஆனால், தை மாதத்தில் எடுத்த ஒரே ஒரு படத்தை வைத்துப் பார்த்தால் படுவான்கரை நெல்வயலும் பச்சை, புல்வெளியும் பச்சை. எனவே வருடம் முழுவதும் எடுத்த படங்களை வரிசையாகப் பார்க்கிறார்கள். வயல் முதலில் நீராகத் தெரியும், பிறகு பசுமையாகும், அறுவடையோடு ஒரேயடியாக வெளிறிவிடும். புல்வெளி மெதுவாகப் பசுத்து மெதுவாகக் காயும். சூரா அல்அஃலா சொன்ன அந்த ஏற்ற இறக்கம்தான் புல்லை இன்னதென்று அடையாளம் காட்டுகிறது. ஸுப்ஹானல்லாஹ்!

இன்னொரு முறையும் உண்டு. விலங்கை நேரில் கண்ட இடங்களைக் கணினிக்குக் கொடுத்தால், அந்த இடங்களுக்குப் பொதுவான தன்மை என்ன என்று அது தேடி, அதே தன்மை உள்ள வேறு இடங்களைச் சொல்லும். மக்ஸென்ட் என்ற மென்பொருள் இதற்குப் பெயர்பெற்றது. உசூலுல் ஃபிக்ஹ் படித்தவர்கள் உடனே இனங்கண்டுகொள்வார்கள். இது கியாஸ்! தெரிந்த இடம் அஸ்ல், தெரியாத இடம் ஃபர்உ, இரண்டையும் இணைக்கும் காரணம் இல்லத். கியாஸில் இல்லத்தைத் தவறாகப் பிடித்தால் ஹுக்மும் தவறும். கணினியிலும் அப்படியே. விலங்கைப் பார்த்தவர்கள் எல்லோரும் வீதியோரம் வாகனத்தில் போனவர்கள் என்றால், "இந்த விலங்கு வீதியை விரும்புகிறது" என்று கணினி முடிவு கட்டிவிடும்!

நமக்கு அண்மையிலேயே இதற்கு வேதனையான உதாரணம் இருக்கிறது. அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்ற இடத்தில் திறந்த குப்பைமேடு ஒன்று உண்டு. யானைகள் அங்கே கூட்டமாக வந்து உணவோடு பிளாஸ்டிக்கையும் விழுங்கின. பல யானைகள் மாண்டுபோயின. யானை கண்ட இடம் என்று அந்தக் குப்பைமேட்டைப் பதிந்து கொடுத்தால், குப்பைமேடு யானைக்குப் பொருத்தமான இடம் என்றுதான் மென்பொருள் சொல்லும். ஓர் உயிர் ஓரிடத்துக்கு வருவது வேறு. அந்த இடம் அதற்கு நலமாக இருப்பது வேறு. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையை ஆராயாமல் எந்தச் செய்தியையும் ஏற்றுக்கொள்ளாத சமூகம் நாம். "இந்தத் தகவல் யாரிடமிருந்து, எப்போது, எப்படி வந்தது?" என்று வரைபடத்திடமும் கேட்க வேண்டாமா? (இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: மிஞ்சிய சோற்றைப் பொலித்தீனில் முடிந்து எறியும் கை, தெரியாமலே அந்தக் குப்பைமேட்டில் ஒரு பங்கு சேர்க்கிறது.)

இலங்கை கண்ட உண்மை

2021ஆம் ஆண்டு நம் நாட்டு யானைகளைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரது குழுவினரும் இலங்கை முழுவதையும் 25 சதுர கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வசிக்கும் மக்களிடம் யானை வருகிறதா என்று கேட்டுப் பதிந்தார்கள். கிடைத்த விடை: நாட்டின் நிலப்பரப்பில் 59.9 வீதத்தில் யானை இருக்கிறது. அந்தப் பரப்பிலும் 69.4 வீதத்தில் மனிதர்களும் வசிக்கிறார்கள். அதாவது, யானை ஒரு பக்கம், மனிதன் மறுபக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த படமே தவறு. இருவரும் ஒரே கட்டத்துக்குள் இருக்கிறோம்.

ஏன் இப்படி? யானை அடர்ந்த காட்டின் பிராணி என்று நினைக்கிறோம். அடர்ந்த முதிர்ந்த காட்டில் யானைக்குத் தீனி குறைவு. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோ தின்னும் உடல் அது. அதற்கு வேண்டியது புல்லும் பற்றையும் இளங்கொடியும். சேனை செய்து விட்ட தரை, வெயில் காலத்தில் குளம் வற்றும்போது அதன் படுகையில் முளைக்கும் புல், இவைதான் அதன் சாப்பாட்டு மேசை. மின்னேரியாவில் ஆடி, ஆவணி மாதங்களில் நூற்றுக்கணக்கான யானைகள் கூடுவது குளத்து நீர் இறங்கி வெளிப்படும் அந்தப் புல்லுக்காகத்தான். குளத்து நீர்மட்டத்தை அந்தக் காலத்தில் உயர்த்திவிட்டால் புல் மூழ்கிவிடும். பசித்த கூட்டம் வயலைத் தேடும்.

நம் நாட்டு மின்வேலிகள் பலவும் வனசீவராசிகள் திணைக்களத்தின் காணி முடிந்து வன பரிபாலனத் திணைக்களத்தின் காணி தொடங்கும் கோட்டில் போடப்பட்டவை. வேலிக்கு இந்தப் பக்கமும் காடு, அந்தப் பக்கமும் காடு. இரு பக்கமும் யானை! கந்தோர் வரைபடத்துக் கோடு யானைக்குத் தெரியாது. எங்கே தீனி முடிந்து பயிர் தொடங்குகிறதோ அங்கேதான் வேலி வேண்டும். இதனால்தான் கிராமத்தைச் சுற்றி நிரந்தர வேலியும், வயலைச் சுற்றி விதைப்பு முதல் அறுவடைவரை மட்டும் நிற்கும் பருவகால வேலியும் போட்டு, அறுவடை முடிந்ததும் அதைக் கழற்றிவிடும் முறையை அவர்கள் முன்வைத்தார்கள். வெட்டிய தாளை யானை மேயும். போகம் வந்தால் வேலி மறுபடி எழும். ஒரே நிலம், காலம் மாறினால் உரிமையாளன் மாறுகிறான். 2020ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்ட தேசியச் செயற்திட்டத்திலும் இந்த யோசனைகள் இடம்பெற்றன. காகிதத்தில் இருப்பது வயலுக்கு வருவதுதான் இன்னும் தூரமாக இருக்கிறது.

கோடு சுருங்கும் கதை

நல்ல வரைபடம் இருந்தால் மட்டும் போதாது. அதை மதிக்கும் மனமும் வேண்டும். இந்தியாவின் வறண்ட புல்வெளிகளில் கானமயில் என்று ஒரு பெரும் பறவை உண்டு. சுமார் ஒரு மீற்றர் உயரம். வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். தமிழகத்தில் அது முன்பே மறைந்துவிட்டது. இன்று மிச்சம் இருப்பவை 150க்கும் குறைவு, பெரும்பாலானவை ராஜஸ்தானில். பக்கவாட்டில் நன்றாகப் பார்க்கும் அதன் கண்ணுக்கு நேர் முன்னால் இருக்கும் கம்பி சரியாகத் தெரியாது. பறந்து வந்து மின்கம்பியில் மோதிச் சாகிறது. 2021ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் அதன் வாழிடமாகக் குறிக்கப்பட்ட பெரும் பரப்பில் மின்கம்பிகளை நிலத்துக்குள் புதைக்கும்படி கட்டளையிட்டது. ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீற்றர் அந்தக் கட்டளையால் தொடப்பட்டது. சூரிய ஒளி மின்சாரமும் நாட்டுக்குத் தேவை என்ற வாதம் எழுந்ததால் 2024 மார்ச்சில் நீதிமன்றம் அதைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. எந்தக் கட்டம் பறவைக்கு உயிர், எந்தக் கட்டத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று வரைபடத்தின்மேல் விரல் வைத்து வாதாட வேண்டிய நிலை.

அறபு நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. வெள்ளை நிறத்து ஓரிக்ஸ் மான் 1972ஆம் ஆண்டளவில் காட்டில் அற்றுப்போனது. வளர்ப்பில் இருந்தவற்றைப் பெருக்கி, 1982ஆம் ஆண்டு ஓமானில் மீண்டும் திறந்தவெளியில் விட்டார்கள். அந்தச் சரணாலயம் 1994ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. திருட்டு வேட்டையால் மான்கள் குறைந்தன. பின்னர் எண்ணெய் தேடுவதற்காகச் சரணாலயத்தின் பரப்பில் 90 வீதத்தை அரசே வெட்டிவிட்டது. 450ஆக இருந்த மான்கள் 65ஆகக் குறைந்திருந்தன. 2007ஆம் ஆண்டு பட்டியலில் இருந்தே அது நீக்கப்பட்டது. ஹிமாவின் தாயகத்தில் இது நடந்தது என்பதை நாம் சொல்லாமல் விடக் கூடாது. அடுத்தவர் குறையை மட்டும் எழுதுவது நீதியல்ல.

வரைபடத்தில் இல்லாத மனிதர்

இனி, நம் சமூகத்தின் நெஞ்சில் தைத்த ஒரு விடயம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். முசலிப் பிரதேசத்தில் மறிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குழி போன்ற ஊர்கள் ஆளின்றிக் கிடந்தன. இருபது ஆண்டுகளில் வீட்டு முற்றத்தில் பற்றை வளர்ந்தது, பற்றை காடானது. 2012ஆம் ஆண்டு அப்பகுதியில் ஒதுக்கப்பட்ட காடாக வர்த்தமானி வெளியானது. 2017 மார்ச்சில் மாவில்லு என்ற பெயரில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேயர் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. திரும்பி வந்தவர்கள் "இது எங்கள் ஊர்" என்றார்கள். சூழல் ஆர்வலர்கள் "இது வில்பத்துவை அண்டிய காடு" என்றார்கள். வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை சென்றது.

யார் எவ்வளவு சரி என்று தீர்ப்புக் கூற இந்தப் பக்கம் போதாது. அந்தக் காட்டில் வாழும் உயிர்களுக்கும் ஹக்கு உண்டு; அகதி முகாமில் கிழவியான பெண்ணுக்கும் ஹக்கு உண்டு. நான் சொல்ல வருவது ஒன்றே. செய்மதி இலையைக் காணும். அந்த இலை ஏன் அங்கே முளைத்தது என்பதைக் காணாது. கிணற்றையும் மையவாடியையும் பள்ளிவாசலின் அத்திவாரத்தையும் பற்றை மூடிவிட்டால், மேலிருந்து பார்ப்பவனுக்கு அது காடுதான். சாட்சி இல்லாத சபையில் எழுதப்படும் தீர்ப்பு அது. நம் மாவட்டத்தில் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைக்காக 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் நம் தமிழ்ச் சகோதரர்கள். எந்த மாதம் எந்தப் பக்கம் பட்டி போகும், எங்கே யானை குறுக்கிடும் என்பது அவர்களது தலைக்குள் இருக்கும் வரைபடம். அதைக் கேட்டுப் பதியாத எந்த மென்பொருளும் பாதிக் கண்ணோடுதான் பார்க்கிறது. உமர் (ரழி) அவர்கள் ஹுனையிடம் சொன்னது இதற்கும் பொருந்தும்: சில ஆடு வைத்திருப்பவனை வாசலில் நிறுத்தாதே!

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, கற்றுக்கொள்வது. கியூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருளின் வேலை 2002ஆம் ஆண்டு தொடங்கியது. அது முற்றிலும் இலவசம். சாதாரண மடிக்கணினியில் இயங்கும். உயர்தரத்தில் புவியியல் படிக்கும் நம் பிள்ளைகள், ஆண்களும் பெண்களும், பரீட்சை முடிந்த மாதங்களில் இதைப் பழகிக்கொள்ளலாம். பொறியியலும் வைத்தியமும்தான் படிப்பு என்று பிள்ளையை நெருக்கும் பெற்றோரே, நிலத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஊருக்கு எவ்வளவு தேவை என்பதை எண்ணிப் பாருங்கள். 1154ஆம் ஆண்டு அல்இத்ரீஸி வரைந்து முடித்த உலகப் படத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு, நம் ஊர்ப் படத்தை இன்னொருவர் வரையும்வரை காத்திருப்பது அழகல்ல.

இரண்டாவது, எழுதிவைப்பது. வயற்காரர் ஒரு கொப்பியில் யானை வந்த நாள், வந்த திசை, போன திசை, அப்போது பயிர் எந்தப் பருவம் என்று குறித்துவைத்தால், ஐந்து வருடத்தில் அது எந்தச் செய்மதியும் தர முடியாத செல்வமாகும்.

மூன்றாவது, விழித்திருப்பது. காணி பற்றிய வர்த்தமானியோ அறிவித்தலோ வந்தால், இணைத்திருக்கும் வரைபடத்தைப் பார்த்து, ஆட்சேபனைக்குத் தவணை இருந்தால் அதற்குள் எழுத்தில் கொடுங்கள். பழைய உறுதி, நில அளவைப் படம், வரி பற்றுச்சீட்டு, கிணற்றின் பெயர் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டி ஒப்படையுங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகள் வக்பு நிலங்களின் எல்லையைப் படமாக வரைந்து வைக்கலாம்.

நான்காவது, நம் நாக்கைத் திருத்துவது. "சும்மா கிடக்கிற புல்லுத்தரை" என்று சொல்லாதீர்கள். சூரா அன்ஆமில் அல்லாஹ் நடமாடும் பிராணிகளையும் பறக்கும் பறவைகளையும் நம்மைப் போன்ற சமுதாயங்கள் என்கிறான். அந்தச் சமுதாயங்கள் குடியிருக்கும் தரை சும்மா கிடப்பதில்லை.

சூரா அந்நம்லில் ஓர் எறும்பு, ஸுலைமான் (அலை) அவர்களின் படை வருவதைக் கண்டு, தன் கூட்டத்தாரைப் புற்றுக்குள் போகும்படி எச்சரிக்கிறது. படையினர் உணராமலே தங்களை மிதித்துவிடக் கூடும் என்பது அதன் அச்சம். அந்த எறும்பு கூட, அவர்கள் வேண்டுமென்றே மிதிப்பார்கள் என்று சொல்லவில்லை. நபி (ஸுலைமான்) அவர்களோ புன்னகைத்து, நன்றி செலுத்த அருள் கேட்டார்கள். உணராமல் மிதிப்பதில்தான் நமது ஆபத்தும் இருக்கிறது. எங்கே கால் வைக்கிறோம் என்று பார்த்து வைப்பதற்கு இன்று நம் கையில் ஒரு கருவி கிடைத்திருக்கிறது. கருவி குற்றம் செய்யாது. கேள்வி கணக்கு நம்மிடம்தான்.

ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் வைக்கும் நீதியையும், பயனுள்ள அறிவையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. படுவான்கரையில் இன்றிரவு விழித்திருப்பவரையும், பசித்து நடக்கும் அந்தப் பெரும் பிராணியையும் அவன் பாதுகாப்பானாக. ஆமீன்.